நூறு மில்லியனும் உருளைக்கிழங்கு வறுவலும்: ‘லே துஷ்’ படவரிசை பற்றி ஒரு சண்டை

திண்ணைக்காரன் எழுதியது:

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குத் தாரை வார்த்துவிட்டு வந்திருக்கிறேன். குடும்பத்தின் பெயர் துஷ். படவரிசையின் பெயர் ‘லே துஷ்’. 2011இல் தொடங்கி 2025 வரை ஐந்து படங்கள். முதல் நான்கை இயக்கியவர் ஒலிவியே பரூ. ஐந்தாவதை இயக்கியவர், நாயகன் ஜெஃபாக நடிக்கும் ழான்-போல் ரூவ்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. பூஸோல் என்ற கற்பனைக் கிராமத்தில் ஜெஃப், அவன் மனைவி காத்தி, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. (மனைவியின் பெயரைக் குறிலாக எழுதினால் கத்தி ஆகிவிடும், எனவே நெடில்.) வேலை கிடையாது, காசு கிடையாது, கவலையும் கிடையாது. ‘மனிதன் வேலை செய்யப் படைக்கப்பட்டவன் அல்ல’ என்பது குடும்ப வேதம். திடீரென்று லாட்டரியில் நூறு மில்லியன் யூரோ விழுகிறது. மனைவியின் நெடுநாள் கனவு மொனாக்கோ. குடும்பம் மொத்தமாக அங்கே குடியேறுகிறது. இரண்டாவது படத்தில் அமெரிக்கா, ஐந்தாவதில் இங்கிலாந்து. நடுவில் இரண்டு படங்கள் உள்ளூரில்.

இனி என் கட்சி. ஏழை வெளியூர் போகிற நகைச்சுவை எல்லா மொழியிலும் உண்டு. பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த கதை. அவன் வாய் பிளப்பான், நாம் சிரிப்போம். இங்கே அது தலைகீழாக நடக்கிறது. மிட்டாய்க் கடைக்காரன்தான் பட்டிக்காட்டானைப் பார்த்து வாய் பிளக்கிறான். ஜெஃப் எந்த ஊருக்குப் போனாலும் அதே பிடரி மயிர், அதே உடை, தட்டில் அதே உருளைக்கிழங்கு வறுவல். கூச்சம் என்பது அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. கூச்சமில்லாத ஒருவன் நடுவில் வந்து நின்றால், கூச்சத்தை வைத்துப் பிழைக்கும் ஊர் முழுவதும் நிலைகுலைந்துவிடும் என்பதை இந்தப் படங்கள் காட்டுகின்றன. தொழிலாளர் குடும்பத்தை இவ்வளவு அன்போடு காட்டிய நகைச்சுவைப் படத்தை அண்மையில் நான் பார்க்கவில்லை.

---

செங்குறிப்பு எழுதியது:

திண்ணைக்காரரே, இரண்டாம் பத்தியில் ‘வேலை கிடையாது’ என்கிறீர்கள், கடைசிப் பத்தியில் ‘தொழிலாளர் குடும்பம்’ என்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் இடையில்தான் படத்தின் சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது.

முதல் படம் 2011 ஜூலை 1 அன்று பிரான்சில் வெளியானது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அமைச்சர் லோரான் வோக்கியே, அரசு உதவியில் வாழும் போக்கைச் சமூகத்தின் புற்றுநோய் என்று பேசி நாட்டையே இரண்டாக்கினார். உதவித்தொகை வாங்குகிறவன் சோம்பேறி, அவனுக்கு உழைக்க மனமில்லை என்பது அன்றைய வலதுசாரி மேடைகளின் பல்லவி. படம் அதற்கும் முன்பே எடுத்து முடிக்கப்பட்டிருக்கும், நேரடிப் பதில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பல்லவியைப் பாடிவிட்டுத் திரையரங்குக்கு வந்தவனுக்கு இந்தப் படம் என்ன காட்டியது? ஆமாம் ஐயா, அவர்கள் வேலை செய்ய விரும்பாதவர்கள்தான், அதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள், பாருங்கள் எவ்வளவு வேடிக்கை என்று காட்டியது. ஆலை மூடப்பட்டது, தோட்டம் விற்கப்பட்டது என்று எந்தக் காரணமும் அழுத்தமாக வருவதில்லை. வறுமை அங்கே மரபணுவில் இருக்கிறது.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். மொனாக்கோ படம் முழுக்க இந்த ஒரு வரிதான். இந்தப் பழமொழியை யார் உண்டாக்கியிருப்பான் என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஏற்கெனவே குடை வைத்திருந்தவன்தான்.

---

திண்ணைக்காரன் எழுதியது:

குடை வாதம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெஃப் பிடிப்பது குடை இல்லை, தோழரே. அவன் மழையில் நனைந்துகொண்டே போகிறான். குடை பிடித்தவர்கள்தான் அவனைப் பார்த்து நடுங்குகிறார்கள்.

---

புதுவைக் கடற்காற்று எழுதியது:

இருவரும் சண்டையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நாற்பது ஆண்டு பிரெஞ்சு கற்பித்த பழக்கம், குறுக்கே பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில், இந்தப் படங்களைத் துணைத்தலைப்பு வழியாகப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகக் கணக்கு. ‘பூஸோல்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காதில் அதன் முதல் அசை ‘பூஸ்’ என்று விழும். அது மாட்டுச் சாணம். பெயரைச் சொன்னதுமே ஊரின் வாசம் வந்துவிடுகிறது. கடைக்குட்டி டொனால்டுக்கு வீட்டுச் செல்லப் பெயர் ‘குவாங்-குவாங்’. பிரான்சில் வாத்து அப்படித்தான் கத்தும். டொனால்ட் என்றதும் எந்த வாத்து நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தமாஷ் என்னவென்றால், வாத்துப் பெயர் வைத்த அந்தப் பையன் ஒருவன்தான் அந்த வீட்டில் படிப்பாளி. இரண்டாம் படத்தில் குடும்பம் அமெரிக்கா போவதே அங்கே படிக்கும் அவனுடைய பிறந்தநாளுக்காகத்தான்.

அடுத்து, அந்தக் குடும்பம் ‘சிஸ்தேம் தே’யில் வாழ்கிறது என்று பிரான்சில் சொல்வார்கள். கையில் இருப்பதை வைத்து எப்படியாவது சமாளிப்பது, ஓட்டை உடைசலைக் கொண்டே ஒப்பேற்றுவது. ‘தே’ என்பது அந்தச் சமாளிப்பைக் குறிக்கும் ‘தெப்ரூய்’ என்ற சொல்லின் முதலெழுத்து. செங்குறிப்பு சொல்வது போல் வெறும் சோம்பல் என்று அதைக் கொள்ள முடியாது. சம்பளமில்லாத உழைப்பு என்றும் சொல்லலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஜெஃப் போன்ற மனிதனுக்குப் பிரெஞ்சில் ஒரு வசைச்சொல் இருக்கிறது: ‘போஃப்’. ரசனையில்லாதவன், வாயாடி, தொப்பையைத் தள்ளிக்கொண்டு திரிகிறவன். 1970களில் கேலிச்சித்திரக்காரர் கபு அப்படி ஒரு பாத்திரத்தை வரைந்து, சொல்லை நிலைக்கச் செய்தார். எங்கிருந்து வந்த சொல் தெரியுமா? ‘போ-ஃப்ரேர்’, அதாவது மைத்துனன். நம் வீட்டுக் கல்யாணங்களில் அதிகம் சத்தம் போடுகிறவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை என்று தெரியும்.

நான்காவது படம் இருக்கிறதே, அதன் சண்டையே சகலைச் சண்டைதான் (பிரெஞ்சில் சகலையும் ‘போ-ஃப்ரேர்’தான்). கிறிஸ்துமஸ் பரிசாகத் தன் அக்கா தங்கை உறவைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கிறாள் காத்தி. அந்தச் சகோதரியின் கணவர் ழான்-ஈவ் ஜெஃபுக்கு ஆகாதவர். அந்த வேடத்தில் மிஷேல் பிளான். 2024 அக்டோபரில் காலமாகிவிட்டார், பெரிய கலைஞர். 1978இல் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் ஐவரி கோஸ்ட் விடுமுறை விடுதியில் அடிக்கும் கூத்தைக் காட்டிய ‘லே பிரோன்சே’ படத்தில் துணை கிடைக்காமல் அலையும் இளைஞனாக வந்தவர் அவர். வெளிநாடு போன பிரெஞ்சுக்காரன் அசடு வழிவது அவர்கள் திரையில் புதிதே அல்ல.

---

எண்கணக்கு எழுதியது:

டீச்சர் வந்துவிட்டால் இழை தேறிவிடும். என் பங்குக்குக் கணக்கு.

பிரான்சில் படத்தின் வெற்றியை வசூலால் சொல்வதில்லை, எத்தனை டிக்கெட் விற்றது என்றுதான் சொல்வார்கள். முதல் படம் சுமார் 15 லட்சம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடி வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. விளைவு, 2016 பிப்ரவரியில் வந்த அமெரிக்கப் படம் சுமார் 46 லட்சம். 2018 ஜனவரி 31இல் வந்த மூன்றாவது, 56 லட்சத்தைத் தாண்டியது. நோய்த்தொற்றுக் காலமான 2021 டிசம்பரில் வந்த நான்காவது சுமார் 24 லட்சம். 2025 பிப்ரவரியில் வந்த இங்கிலாந்துப் படம் ஏறத்தாழ 30 லட்சம்.

ஒப்பிட வேண்டுமானால், 2008இல் வந்த ‘பியாங்வெனு ஷே லே ஷ்தி’ 2 கோடிக்கும் மேல். அதில் தெற்கத்திக்காரன் வடபிரான்சுக்கு மாற்றலாகிப் போகிறான், அவ்வளவுதான். நாட்டுக்குள்ளேயே ஒரு வெளிநாடு.

கவனிக்க வேண்டியது, ஐந்து படங்களில் அதிகம் ஓடியது வெளிநாட்டுக் கதை இல்லை. குடும்பம் உள்நாட்டிலேயே இருக்கும் மூன்றாவது படம். இதற்கு யாராவது காரணம் சொல்லுங்கள்.

---

பாரிஸ் சமையல்காரன் எழுதியது:

நான் சொல்கிறேன், எண்கணக்கு அண்ணா.

மூன்றாவது படத்தில் பூஸோலுக்கு அதிவேக ரயில் வருகிறது என்று ஜெஃப் துள்ளிக் குதிக்கிறான். ரயில் வருகிறது, போகிறது, நிற்பதில்லை. சனாதிபதிக்குச் சொல்லிப் பார்க்கிறான், எலிசே மாளிகையிலிருந்து பதில் இல்லை. சரி, நானே சனாதிபதி ஆகிவிடுகிறேன் என்று தேர்தலில் நிற்கிறான். அரசியலில் எதிர்பாராத ஏதேதோ நடந்து, வென்றும் விடுகிறான்.

கேலிக்கூத்துத்தான். ஆனால் அந்த ஆண்டுகளில் பிரான்சில் இருந்தவனுக்கு அது கேலியாக மட்டும் தெரியாது. 2017 ஜூனில், அப்போதுதான் சனாதிபதியாகியிருந்த மக்ரோன் ஒரு விழாவில் பேசும்போது, ரயில் நிலையம் என்பது வெற்றி பெற்றவர்களும் ஒன்றுமே இல்லாதவர்களும் எதிர்ப்படும் இடம் என்றார். அந்த ‘ஒன்றுமே இல்லாதவர்கள்’ நாடு முழுக்கக் காதில் குத்திக்கொண்டிருந்தது. ஏழு மாதம் கழித்து, ரயில் நிற்காத ஊர்க்காரன் சனாதிபதி ஆகும் படம் வருகிறது. கூட்டம் வராமல் என்ன செய்யும்? படம் வந்த அதே 2018இல், நவம்பர் 17 அன்று எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு மக்கள் சாலை வட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் சிற்றூர்க்காரர்கள். பேருந்து இல்லை, ரயில் நிற்காது, கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது என்கிற ஊர்கள். படம் அதை முன்னறிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று ரூவுக்கும் பரூவுக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் வடக்கே பிக்கார்தியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வேலை செய்தார். அறுபதை நெருங்கியவர். பாரிஸ் சமையலறைகளில் அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரரைக் காண்பது அரிது, அங்கே பெரும்பாலும் எங்களைப் போன்ற தமிழர்கள்தான், அல்லது மாலி நாட்டுக்காரர்கள், வங்காளிகள். முதல் படத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். “என் அண்ணன் இப்படித்தான் இருப்பான், அவனைப் பார்த்து ஊர் சிரிப்பதற்கு நான் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்?” என்றார். மூன்றாவது படம் வந்தபோது அவரே போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் கரண்டியால் தொட்டியைத் தட்டிக்கொண்டு தேர்தல் பேச்சை நடித்துக் காட்டினார். எனவே செங்குறிப்பு அக்கா சொல்வதும் உண்மை, திண்ணைக்காரர் சொல்வதும் உண்மை. ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டும் நடந்ததை நான் பார்த்தேன்.

---

செங்குறிப்பு எழுதியது:

இந்தப் பதிவுக்காகவே இழையைப் படிக்கலாம். ஆனால் தம்பி, நீங்கள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்த்திருக்கிறீர்கள். அவருக்குப் பிடித்தது ஊரில் நடக்கும் கதை. வெளிநாட்டில் நடப்பது பிடிக்கவில்லை. ஏனென்றால் வெளிநாடு போக இவர்களுக்குப் பணம் வேண்டும், பணம் வேண்டுமென்றால் லாட்டரி விழ வேண்டும். லாட்டரி விழாத துஷ் குடும்பம் மொனாக்கோவுக்குப் போனால் எப்படிப் போகும்? அந்தப் படத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை?

---

பாரிஸ் சமையல்காரன் எழுதியது:

எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கோடைகாலம் நீஸ் நகரில் வேலை பார்த்திருக்கிறேன். காலையில் நீஸிலிருந்து மொனாக்கோ போகும் ரயிலில் நிற்க இடமிருக்காது. அரை மணிக்கும் குறைவான தூரம். துப்புரவு செய்கிறவர்கள், சமையல்காரர்கள், தாதிகள், கட்டடத் தொழிலாளர்கள். எதிர்ப்பக்கம் இத்தாலியின் வெந்திமிலியாவிலிருந்தும் இப்படியே ரயில் வரும். அந்த நாட்டின் மொத்தப் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே தூங்குவதில்லை. மாலையில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். உழைக்கும் பிரெஞ்சுக் குடும்பம் தினமும் வெளிநாடு போய்வருகிறது, ஒருவரும் சிரிப்பதில்லை.

இன்னொன்று. மொனாக்கோவில் ஒரு தெருவைக் கடந்தால் போசொலேய் என்ற பிரெஞ்சு ஊர். எல்லை என்று ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியாது. வாடகை மட்டும் தெரியும்.

---

எண்கணக்கு எழுதியது:

தம்பி சொன்னதிலிருந்து ஒரு கிளைக் கணக்கு. படத்தை மறந்துவிடுங்கள், ஜெஃப் உண்மையிலேயே மொனாக்கோ போயிருந்தால் வரி மிஞ்சியிருக்குமா?

வரி கட்டாமல் இருக்கத்தான் பணக்காரர்கள் அங்கே போகிறார்கள் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். மற்ற நாட்டவருக்கு அது சரி. பிரெஞ்சுக்காரருக்கு இல்லை! 1962இல் பிரெஞ்சு சனாதிபதி தெகோலுக்கும் மொனாக்கோ இளவரசருக்கும் இதில்தான் தகராறு. தெகோல் எல்லையில் சுங்கச் சோதனை போட்டு அந்தச் சிறு நாட்டின் கழுத்தைப் பிடித்தார். 1963இல் ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி அங்கே குடியேறும் பிரெஞ்சுக் குடிமக்கள் பிரான்சுக்கே வருமான வரி கட்ட வேண்டும். லாட்டரிப் பரிசுக்கோ பிரான்சில் வருமான வரியே கிடையாது. ஆக, ஜெஃப் பூஸோலிலேயே உட்கார்ந்து வறுவல் தின்றிருந்தாலும் பரிசுப்பணம் முழுதாக வந்திருக்கும். வரிக்காக இல்லாமல் மனைவியின் ஆசைக்காக மொனாக்கோ போன ஒரே கோடீஸ்வரன் அவனாகத்தான் இருப்பான். எனக்கு இதனாலேயே அவனைப் பிடித்துவிட்டது.

---

திண்ணைக்காரன் எழுதியது:

இந்த ஒரு பதிவுக்காக எண்கணக்குக்கு இனிமேல் எந்தச் சண்டையிலும் மூன்று பிழைகள் மன்னிக்கப்படும்.

செங்குறிப்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன். லாட்டரி இல்லாத படத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை என்கிறீர்கள். 1965இலேயே பாதி எடுத்துவிட்டார்கள். ‘நியூயார்க்கில் ழாந்தார்ம்’ என்று சொல்லலாம், லூயி த ஃபுனெஸ் நடித்தது. சேன் த்ரொப்பே ஊர்க் காவலர்கள் அரசுச் செலவில், மாநாட்டுக்காகக் கப்பலேறி நியூயார்க் போகிறார்கள். மகளைக் கூட்டிப் போகக்கூடாது என்று கண்டிப்பு, மகள் திருட்டுத்தனமாக அதே கப்பலில். அங்கே போயும் த ஃபுனெஸுக்கு உள்ள பெரும் கவலைகளில் ஒன்று ஒழுங்கான மாட்டிறைச்சித் துண்டு ஒன்று வாங்கிச் சமைப்பது. ஜெஃபின் வறுவலுக்குத் தாத்தா முறை.

ஆனால் ஒரு வேறுபாடு. த ஃபுனெஸ் அமெரிக்காவைக் கண்டு கோபப்படுவார். ஜெஃபுக்குக் கோபமே வராது. எல்லாவற்றையும் விரும்புகிறான், எதையும் புரிந்துகொள்வதில்லை. அமெரிக்கர்களுக்கும் இது புதிதல்ல, 1962 முதல் 1971 வரை அவர்கள் தொலைக்காட்சியில் எண்ணெய்க் கிணறு கிடைத்த மலைவாசிக் குடும்பமொன்று பெவர்லி ஹில்ஸில் குடியேறிக் கூத்தடித்தது.

---

செங்குறிப்பு எழுதியது:

அதுவும் எண்ணெய்க் கிணறு! பூமியிலிருந்து பணம், பெட்டியிலிருந்து பணம். சம்பளத்திலிருந்து மட்டும் ஒருபோதும் வராது.

காவலர் அரசு ஊழியர், அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் ‘பாதி எடுத்துவிட்டார்கள்’ என்பதற்கு நானே வேறொரு உதாரணம் தருகிறேன், உங்களுக்குச் சாதகமாகத்தான். 2013இல் வந்த ‘லா காஜ் தொரே’, பொற்கூண்டு. இது தலைகீழ்க் கதை. போர்ச்சுகல்காரக் குடும்பம், பாரிசின் பணக்காரப் பகுதியில். மரியா அடுக்குமாடிக் கட்டடத்தின் காவல்காரி, ழொசே கொத்தனார். முப்பது ஆண்டு ஓடாய்த் தேய்ந்தவர்கள். ஊரில் சொத்து வந்து சேர்கிறது, திரும்பிப் போகலாம். அவர்களைச் சுற்றியிருப்பவர்கள் யாருக்கும் அவர்களை விட மனமில்லை, ஏனென்றால் அவர்கள் போய்விட்டால் குழாய் ஒழுகினால் யார் பார்ப்பது? இயக்குநர் ரூபன் ஆல்வஸின் அப்பா அம்மாவும் அதே வேலை செய்தவர்கள், படத்தை அவர்களுக்கே காணிக்கை ஆக்கினார். அங்கேயும் எதிர்பாராத சொத்துத்தான் கதையை நகர்த்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைகளில் காய்ப்பு இருக்கிறது. ஜெஃபின் கையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான்.

---

பாரிஸ் சமையல்காரன் எழுதியது:

அக்கா, எண்ணெய்ப் பிசுக்கைக் குறைத்துப் பேசாதீர்கள், என் பிழைப்பே அதில்தான்.

பொற்கூண்டை நானும் பார்த்தேன், கண் கலங்கியது. எங்கள் கட்டடத்துக் காவல்காரம்மாவும் போர்ச்சுகல்காரர்தான். ஆனால் யோசித்தால் அந்தப் படத்தில் எனக்கு ஒரு உறுத்தல். நல்ல தொழிலாளி, அதனால் மதிக்கப்பட வேண்டியவன் என்று அது சொல்கிறது. வந்தேறியாக இருப்பதன் சாபமே அதுதான்: மதிப்புக் கிடைக்க நீ இரட்டிப்பாக உழைத்துக் காட்ட வேண்டும். ஜெஃபுக்கு அந்தத் தேவை இல்லை. அவன் பிரெஞ்சுக்காரன், சும்மா இருக்கிற உரிமை அவனுக்கு உண்டு. மொனாக்கோவில் அவனைத் துரத்தப் பார்ப்பவர்கள்கூட அவனிடம் விசா கேட்பதில்லை. நானும் என் பாத்திரம் கழுவும் நண்பரும் ஒரே தொட்டியில் கை வைத்தவர்கள், ஆனால் அவர் சலித்துக்கொண்டு ஒருநாள் வராமல் போனால் அது குணம், நான் வராமல் போனால் எங்கள் ஆட்கள் அனைவருக்கும் கெட்ட பெயர்.

இதனால் எனக்கு ஜெஃபின் மேல் பொறாமைதான் வருகிறது. சிரிப்பும் வருகிறது, அது வேறு.

---

புதுவைக் கடற்காற்று எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நடிப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே என்ற குறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரூவ் 2003இல் நம்பிக்கை நட்சத்திரத்துக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரை விருது வாங்கியது ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்துத் துரோகி ஒருவனாக நடித்ததற்கு. அப்படிப்பட்டவர் ஜெஃபுக்கு ஒரு சொட்டுக் கெட்ட எண்ணம்கூடத் தராமல் நடிக்கிறார். அது எளிதல்ல. நகைச்சுவை நடிகர் பாத்திரத்தைவிடத் தான் புத்திசாலி என்று ஒரு கண்ணசைவில் காட்டிவிடுவார், ரூவ் அதைச் செய்வதே இல்லை. இசபெல் நாந்தியின் காத்தி இன்னும் ஒரு படி மேல். ஜெஃபின் மகன் வில்ஃப்ரீடாக வரும் பியேர் லொத்தான் 2024இல் ‘ஆன் ஃபான்ஃபார்’ படத்தில் வடபிரான்சின் உணவுக்கூட ஊழியராகவும் ஊர் பேண்டில் ட்ரோம்போன் வாசிப்பவராகவும் நடித்தார். செங்குறிப்பு அதைப் பாருங்கள். நீங்கள் தேடும் காய்ப்பேறிய கை அங்கே இருக்கிறது, அதே நடிகரிடம்.

சூஸ் பாட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளேர் நதோ நடிக்கும் அந்தப் பாட்டி பேசுவது யாருக்கும் புரியாது. துணைத்தலைப்பு போடுகிறவர் அங்கே அர்த்தமுள்ள வாக்கியம் எழுதினால் தவறு.

---

திண்ணைக்காரன் எழுதியது:

டீச்சர், நான் பார்த்த பிரதியில் பாட்டிக்கு அழகான, இலக்கணச் சுத்தமான வாக்கியங்கள் போட்டிருந்தார்கள். பாட்டிதான் அந்த வீட்டின் அறிவாளி என்று இரண்டு படம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

---

எண்கணக்கு எழுதியது:

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீண்.

---

செங்குறிப்பு எழுதியது:

ஐந்தாவது படம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பேரனுக்கு இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சி கிடைக்கிறது, குடும்பம் பின்னாலேயே போகிறது, அரச குடும்பத்தைச் சந்திக்கிறது. அரசனின் தலையை வெட்டிய நாட்டின் ஏழைக் குடும்பம் அரண்மனைக்குப் போனால் ஏதாவது காரமான ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். தேநீரும் தொப்பியும்தான் வந்தன. ஜெஃப் வந்து நின்றால் ஊரே நிலைகுலையும் என்று திண்ணைக்காரர் சொன்னாரே, அதுகூட இங்கே இல்லை.

---

திண்ணைக்காரன் எழுதியது:

இதில் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். ஐந்தாவதில் ஊரும் ஜெஃபை விரும்புகிறது, ஜெஃபும் ஊரை விரும்புகிறான், பிறகு எதைப் பார்த்துச் சிரிப்பது? இப்போது அவன் புகழ்பெற்றவன். முன்னாள் சனாதிபதி வேறு. எவருக்கும் அவனைக் கண்டு அதிர்ச்சி இல்லை. என் முதல் பதிவில் சொன்னதை ஒரு படம் குறைத்துத் திருத்திக்கொள்கிறேன்.

---

பாரிஸ் சமையல்காரன் எழுதியது:

போகிற போக்கில் ஒரு திருத்தம். எல்லாரும் ‘வறுவல்’ என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் அது உருளைக்கிழங்குப் பொரியல். எண்ணெயில் மூழ்கினால் பொரியல்தானே? வடபிரான்சில் மாட்டுக் கொழுப்பில், இரண்டு முறை பொரிப்பார்கள். முதலில் 150, 160 பாகையில் உள்ளே வேகும் வரை, ஆறவிட்டு, பிறகு 180க்கு மேல் மொறுமொறுப்புக்கு. ஒரே முறையில் பொரித்தவனை ஜெஃப் வீட்டுக்குள் விடமாட்டான்.

---

எண்கணக்கு எழுதியது:

பொரியல் என்றால் கடுகு, உளுந்து தாளித்துத் தேங்காய் போட்டது. இதில் சமரசம் கிடையாது.

---

நடுநிலை (மட்டுறுத்துநர்) எழுதியது:

வறுவலா பொரியலா என்ற வழக்கு சமையல் பகுதிக்கு மாற்றப்படுகிறது. அங்கே ஏற்கெனவே 2019இலிருந்து அதே வழக்கு நடக்கிறது, அதிலேயே தொடரலாம்.

---

புதுவைக் கடற்காற்று எழுதியது:

புதிதாகப் பார்க்க விரும்பும் ஒருவர் எந்த வரிசையில் பார்ப்பது என்று தனிமடலில் கேட்டார். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். ரயில் நிற்காத அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பிறகு முதல் படத்துக்குப் போய் மொனாக்கோவைப் பாருங்கள். அமெரிக்காவைப் பசியிருந்தால் பார்க்கலாம். பாட்டி பேசும்போது மட்டும் துணைத்தலைப்பைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.